ஹாவ்ரேயின் பக்கத்துப் பெயர்

ஹலப்ஜா,
3 செப்டம்பர் 2009

அன்புள்ள குல்சின் அக்காவுக்கு,

பீரோஸ் எழுதுகிறேன். நானும் ஷிலானும் உன் மகனும் இங்கே சுகம். நீயும் சாலிஹ் மச்சானும் அங்கே சுகமாக இருக்கவேண்டும். மச்சானுக்கு இரத்தம் சுத்தம் செய்வது வாரத்துக்கு மூன்று முறைதானா, கூட்டிவிட்டார்களா? நீ போய்ச் சேர்ந்த செய்தியைத் தொலைபேசியில் ஷிலான்தான் கேட்டுச் சொன்னாள். நான் ஐந்து வார்த்தை பேசினால் ஆறாவது வார்த்தை இருமலாகத்தான் வருகிறது. எண்பத்தெட்டு மார்ச்சில் விமானங்கள் போட்ட விஷப்புகை மிச்சம் வைத்தது இந்தக் கையைத்தான். ஆகவே கடிதம். தையல்காரர் ஹமாவின் மருமகன் ஸ்வீடன் திரும்புகிறான், அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ரேபின் நன்றாகச் சாப்பிடுகிறான். டோல்மா செய்தால் திராட்சை இலையைப் பிரித்து உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் தின்கிறான். எல்லைக்கு அந்தப் பக்கம், ஹமதானில் அவனை வளர்த்த அந்தப் புண்ணியவதி அப்படிப் பழக்கியிருக்கிறாள். போகட்டும், அவள் சாகும் முன்பு "நீ ஆஸ்பத்திரியில கிடைச்ச ஹலப்ஜாப் பிள்ளைடா" என்று சொல்லாமல் போயிருந்தால் நமக்கு என்ன தெரிந்திருக்கும்? நம் பேச்சு இன்னும் அவனுக்கு முழுதாக வாயில் நுழையவில்லை, பாதி அந்தப் பக்கத்துப் பேச்சுதான். ஷிலான் சொல்லிக்கொடுக்கிறாள். இரண்டு பேரும் சிரிக்கிற சிரிப்பில் பக்கத்து வீட்டுக் கோழி கூட முட்டையிடாது.

அக்கா, ஒன்று சொல்லவேண்டும். ஜூலையில் மருத்துவர் இரத்தப் பரிசோதனை முடிவைப் படித்தபோது முதலில் கைதட்டியது நான்தான், நினைவிருக்கிறதா? எல்லோரும் என்னைப் பெருந்தன்மைக்காரி என்றார்கள். அது பொய். நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் ஊசி குத்தி இரத்தம் கொடுத்தோம். இரண்டு பேரும் ஒரே லாரியில், மாமியார் மடியில்தான் பிள்ளைகளை ஏற்றினோம். எல்லை தாண்டி மாமியார் பிணமாகக் கிடைத்தார், பிள்ளைகள் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு ஷிலான் பிறந்தாள், அவள் அப்பாவும் போய்ச் சேர்ந்தார். இருபத்தோரு வருஷம் கழித்து ஒருவன் வந்தான். மருத்துவர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, உன் பக்கம் திரும்பினார். என் வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

விசா வரும்வரை உன் பிள்ளையைக் கண்ணாகப் பார்த்துக்கொள்வேன், கவலைப்படாதே. குளிர் தொடங்கப்போகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் ஓர்ப்படி,
பீரோஸ்


கோதென்பர்க்,
27 செப்டம்பர் 2009

அருமைப் பீரோஸுக்கு,

உன் கடிதமும் நீ அனுப்பிய வால்நட்டும் வந்தன. நாங்கள் இருக்கிறபடி இருக்கிறோம். மச்சானுக்கு மூன்று முறைதான். அவரை விட்டு நகர முடியாத காரணத்தால்தான் பெற்ற பிள்ளையைக் கண்டுபிடித்த ஏழாவது வாரம் விட்டுவிட்டு வந்தேன். உன் இருமலுக்குத் தேன் சாப்பிடு.

வயிறு எரிகிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு மட்டும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்தாயா? அவன் இலையைப் பிரிப்பதைப் பார்ப்பது நீ. அவன் தூங்கி எழும் முகத்தைப் பார்ப்பது நீ. எனக்கு வெள்ளிக்கிழமை பத்து நிமிஷம் தொலைபேசி, அதில் பாதி "கேக்குதா, கேக்குதா". அவன் உன்னை எப்படிக் கூப்பிடுகிறான்? சித்தி என்றா? அம்மா என்று கூப்பிட விடாதே. கொஞ்ச நாளில் வாய் பழகிவிடும்.

இன்னொரு காரியம். நினைவு மண்டபத்துச் சுவரிலிருந்து அவன் பெயரை எடுக்கவேண்டும். உயிரோடு இருப்பவன் பெயர் செத்தவர்கள் நடுவே இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. தூதரகத்திலும் கேட்கிறார்கள், இறந்தவர் பட்டியலில் இருக்கும் ஆளுக்கு விசா எப்படிக் கொடுப்பது என்று. இத்துடன் இருக்கும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். மண்டபத்து அதிகாரியிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கி அனுப்பு.

ஷிலானுக்கு ஒரு கம்பளிச் சட்டை, ரேபினுக்கு இரண்டு. உனக்கு மருந்து.

இறைவன் உங்கள் கூரையைக் காக்கட்டும்.
குல்சின்


ஹலப்ஜா,
20 அக்டோபர் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

மழை ஆரம்பித்துவிட்டது. நாங்கள் சுகம். உன் சட்டை ரேபினுக்குக் கை நீளம். தாய் மனதில் பிள்ளை எப்போதும் பெரிய ஆள்தான் போல. மச்சானைக் கேட்டதாகச் சொல்.

உன் சொல்படி வியாழக்கிழமை அவனை மண்டபத்துக்குக் கூட்டிப்போனேன். அந்தக் காவலரை உனக்குத் தெரியும், ஒரு கண் வெந்துபோனவர். வாசலில் வழக்கம்போலக் கேட்டார்.

"யாரைப் பார்க்க வந்தீங்க தம்பி?"

"என்னைத்தான்" என்றான் உன் மகன்.

காவலர் சிரிக்கவில்லை. அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, அந்தப் பிள்ளையா. உள்ள வாங்க. உங்களுக்குத்தான் இத்தனை வருஷமா தூசி தட்டிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

நம் குடும்பத்துப் பெயர்கள் இருக்கும் இடத்தில் போய் நின்றோம். மாமியார், அதற்குக் கீழே ஹாவ்ரே, பக்கத்திலேயே ரேபின். அந்தப் பக்கத்து எழுத்தும் நம் எழுத்தும் ஒன்றுதான், அவனுக்குப் படிக்க வரும். விரலால் தன் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, "நல்லா வெட்டியிருக்காங்க சித்தி" என்றான். பிறகு பக்கத்துப் பெயரில் விரல் வைத்தான்.

"இவன் யாரு, என்னோட ஒட்டிக்கிட்டு?"

"உன் சித்தப்பா மகன். என் பிள்ளை. உன்னைவிட அஞ்சு மாசம் பெரியவன்."

"அவனும் என்னை மாதிரி எங்கயாவது இருப்பானா?"

"அது நான் கேக்காத கேள்வியாப்பா?"

அவன் நீ அனுப்பிய சட்டைக் கையை இழுத்து ஹாவ்ரேயின் பெயரைத் துடைத்தான். தன் பெயரைத் துடைக்கவில்லை. எனக்கு அவனை ஓங்கி அறையவேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளவேண்டும் போலவும் இருந்தது. ஒவ்வொரு மார்ச் பதினாறும் நீயும் நானும் அந்த இரண்டு பெயருக்கு முன்னால் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தோம். நீ ஸ்வீடன் போன பிறகு உன் பங்குக்கும் நான்தான் அழுதேன். இனிமேல் உனக்கு அங்கே வேலை இல்லை.

அதிகாரி விடுப்பில் இருந்தார். விண்ணப்பம் என்னிடம்தான் இருக்கிறது.

மருந்து நல்ல மருந்து. இரவில் மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது.

பீரோஸ்


கோதென்பர்க்,
15 நவம்பர் 2009

பீரோஸுக்கு,

இருவரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமை ரேபினோடு பேசினேன். "அதிகாரி எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தாரும்மா, நல்ல மனுஷன்" என்றான். விடுப்பில் இருக்கும் மனிதர் டீ வாங்கிக் கொடுப்பாரா? நான் சண்டைக்கு வரவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் உன் பிள்ளைக்குத் துணையாக என் பிள்ளையைச் சுவரில் வைத்திருக்க முடியாது.

கோபம் வேண்டாம். யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஷிலானை ரேபினுக்குக் கொடு. சித்தப்பா மகளைக் கட்டுவதுதான் நம் வழக்கம், மார்க்கமும் தடுக்கவில்லை, யாரும் ஒன்றும் சொல்லமுடியாது. அவனுக்கு விருப்பம் இருக்கிறது, நான் கேட்டுவிட்டேன். "ஷிலான் ரொம்பச் சிரிக்கிறா, பரவால்ல" என்றான். கல்யாணம் முடிந்தால் அவன் உன் வீட்டு மருமகன். இங்கே வந்தாலும் வருஷத்துக்கு ஒருமுறை உன் வாசலுக்கு வருவான். எனக்குக் கிடைத்ததில் பாதியை என் கையாலேயே உனக்குத் தருகிறேன். இதைவிட ஒரு ஓர்ப்படி என்ன செய்வாள்?

பேக்கரிக்காரர் மனைவி ஊருக்கு வருகிறாள். அவளிடம் மோதிரம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். உன் பதிலுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குல்சின்


ஹலப்ஜா,
30 நவம்பர் 2009

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். நலமறிய ஆவல். மோதிரம் பத்திரமாக வந்து சேர்ந்தது. பேக்கரிக்காரர் மனைவிக்கு வழியில் கால் வீங்கிவிட்டதாம், இப்போது பரவாயில்லை. இந்த வருஷம் மாதுளை குறைவு. மண்ணெண்ணெய் ஒரு டின் வாங்கி வைத்திருக்கிறோம். மலையில் பனி விழுந்துவிட்டது.

மச்சானுக்கு சலாம் சொல்.

பீரோஸ்


கோதென்பர்க்,
28 டிசம்பர் 2009

பீரோஸ்,

சுகம் விசாரித்து எழுதுகிறேன். மச்சான் நேற்று மயங்கி விழுந்தார், இப்போது எழுந்து உட்கார்கிறார்.

மாதுளையும் மண்ணெண்ணெயும் கேட்டு நான் எழுதவில்லை. பெண் கேட்டு எழுதினேன். ஆறு வாரமாகிறது. ஷிலானுக்கு என் மகனைவிட நல்ல இடம் வந்திருக்கிறதா? இல்லை, என் கையால் கொடுப்பது உனக்கு இறங்கவில்லையா? அப்படியென்றால் அதையாவது சொல். மோதிரத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு சும்மா இருக்கும் பழக்கம் நம் வீட்டில் கிடையாது.

மார்ச்சில் கல்யாணம் வைத்துக்கொள்ளலாம் என்று ரேபினிடமும் சொல்லியிருக்கிறேன்.

பதில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.
குல்சின்


ஹலப்ஜா,
22 ஜனவரி 2010

அன்புள்ள குல்சின் அக்காவுக்கு,

மச்சான் எழுந்து நடமாடுகிறாரா? தினமும் தொழுகையில் அவர் பெயர் சொல்கிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை.

எட்டு வாரம் உன் மோதிரம் என் தலையணை உறைக்குள் இருந்தது. தினமும் எடுத்துப் பார்த்தேன். சும்மா இருந்தால் போதும், அவன் காலம் முழுக்க என் வீட்டு வாசலுக்கு வருவான். யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் மாமியார், அவர் பெயர் சுவரில் இருக்கிறது. ஆசை எவ்வளவு பெரியது என்று உனக்குச் சொன்னால் புரியும்.

முந்தாநாள் ஷிலான் அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்த்துக் கொடுத்தான். இரண்டு பேருக்கும் முகத்தில் ஒரு வெட்கம். அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

அக்கா, அவர்களுக்குக் கல்யாணம் ஆகாது. அவர்கள் அண்ணன் தங்கை.

ரேபின் பிறந்த ஜனவரியில் உனக்கு ஜன்னி கண்டு பன்னிரண்டு நாள் நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்தாய் அல்லவா? பால் வற்றிவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பால் கொடுக்க வந்தார்கள். அந்த ஜுரத்திலும் நீ எழுந்து உட்கார்ந்து கத்தினாய்: "என் பிள்ளை வாயில இன்னொருத்தி பால் பட்டா நான் செத்ததுக்குச் சமம்." என்னைப் பார்த்துத்தான் கத்தினாய். நான் வந்த வருஷமே ஹாவ்ரேயைப் பெற்றேன், நீ ஆறு வருஷம் காத்திருந்து பெற்றாய். அந்தக் காய்ச்சலில் உன் மனம் வெளியே வந்துவிட்டது.

மாமியார் ஆட்டுப்பால் கொடுப்பதாக உன்னிடம் சொன்னார். அது ஆட்டுப்பால் இல்லை. பின்கட்டு அறையில் கதவைச் சாத்தி, பன்னிரண்டு நாளும் அவன் என்னிடம்தான் குடித்தான். ஹாவ்ரே ஒரு பக்கம், ரேபின் ஒரு பக்கம். "பெரியவளுக்குத் தெரியவேண்டாம், உடைஞ்சு போயிடுவா" என்று மாமியார் சத்தியம் வாங்கினார். ஐந்து முறை வயிறாரக் குடித்தாலே பால்குடித் தாய் ஆகிவிடுகிறாள், அவள் பெற்றதெல்லாம் அந்தப் பிள்ளைக்குக் கூடப்பிறந்தவர்கள் என்று மார்க்கத்தில் இருக்கிறது. நான் ஐம்பதோ அறுபதோ முறை கொடுத்தேன். என் மகள் அவனுக்குத் தங்கைதான்.

மோதிரத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் உனக்குத் தெரியவேண்டும்.

உன் பீரோஸ்


கோதென்பர்க்,
10 பிப்ரவரி 2010

பீரோஸ்,

பொய் சொல்கிறாய்.

இருபத்திரண்டு வருஷம் இல்லாத பால் இப்போது எங்கிருந்து சுரந்தது? சாட்சி யார்? மாமியாரா? சுவரைக் கேட்கச் சொல்கிறாயா? நான் கொடுத்து நீ வாங்கிக்கொள்வதா என்ற ஆங்காரம் உனக்கு. என் மகன் வந்த நாளிலிருந்து நீ நல்லபடியாக மூச்சு விடவில்லை. உன் பிள்ளை வரவில்லை என்பதற்காக என் பிள்ளையில் பங்கு கேட்கிறாய்.

அவனை விடுதியில் தங்கச் சொல்லிவிட்டேன்.

குல்சின்


கோதென்பர்க்,
1 மார்ச் 2010

என் பீரோஸுக்கு,

எப்படி இருக்கிறாய்? தான் விடுதிக்குப் போகவில்லை என்று ரேபின் சொன்னான். "சித்திக்கு ராத்திரி மூச்சு வாங்குது, விட்டுட்டுப் போக முடியாதும்மா" என்றான். தொலைபேசியை வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அவர் இயந்திரத்தோடு படுத்திருக்கும் நான்கு மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். மூன்றாவது காகிதம் இது.

நீ பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ விடியற்காலையில் ஜுரம் கொஞ்சம் விட்டது. தண்ணீர் தேடி, சுவரைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. அவன் உன்னிடம் குடித்துக்கொண்டிருந்தான். என்ன அவசரம், என்ன சத்தம். ஜுரம் விட்டு எனக்குப் பால் திரும்பிய பின்னும் என்னிடம் அவன் ஒருநாளும் அப்படிக் குடித்ததில்லை. நான் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். மாமியார் வந்து "ஆட்டுப்பால் நல்லா ஒத்துக்கிச்சு" என்றார். "சரி அத்தே" என்றேன்.

தெரிந்துகொண்டுதான் மோதிரம் அனுப்பினேன், பீரோஸ். நீ வாயைத் திறக்கமாட்டாய் என்று நினைத்தேன். அவன்மேல் உனக்கு இருக்கும் ஆசைக்கு நீ எப்படித் திறப்பாய்? அவன் உனக்கு மருமகனாகிவிட்டால், பிறகு எந்தக் காலத்திலும் நீ அவனை "என் பிள்ளை" என்று சொல்ல முடியாது. அந்தப் பன்னிரண்டு நாளும் இல்லாமலே போய்விடும். அதற்காகப் பாவம் என்று தெரிந்தே இரண்டு பிள்ளைகளைக் கொண்டுபோய்த் தள்ளப் பார்த்தேன். நான் உன்னைப் பொய்க்காரி என்றேனே.

பிள்ளைகளிடம் நீயே சொல். அவனிடம் எல்லாவற்றையும் சொல், நான் கதவுக்கு வெளியே நின்றதையும் சேர்த்து. விண்ணப்பத்தை உன் இஷ்டப்படி செய். கொடுத்தாலும் சரி, கிழித்தாலும் சரி.

மன்னிப்புக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. உனக்குத் தெரியும்.

குல்சின்


ஹலப்ஜா,
18 மார்ச் 2010

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். மலையில் பனி உருகி ஓடை நிறைந்துவிட்டது. மச்சான் இன்னும் ஒரு வசந்தம் பார்க்கவேண்டும், அவரிடம் நான் சொன்னதாகச் சொல்.

பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். ஷிலான் இரண்டு நாள் அறைக்குள்ளேயே இருந்தாள். மூன்றாம் நாள் வெளியே வந்து அவனிடம், "அண்ணன்னா இந்த மாசப் புது வருஷத்துக்குத் தங்கச்சிக்குச் செருப்பு வாங்கித் தரணும், சும்மா இல்ல" என்றாள். கண் வீங்கியிருந்தது. அவன் வாங்கிக் கொடுத்தான். ஒரு அளவு சிறியது. அதையே போட்டுக்கொண்டு நொண்டுகிறாள். கொஞ்ச காலம் வலிக்கும், வலிக்கட்டும். நீ கதவுக்கு வெளியே நின்றதைச் சொன்னதும் அவன், "அம்மா அன்னைக்குத் தண்ணி குடிச்சாங்களா?" என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். உன்னைக் கேட்பான், பதில் வைத்துக்கொள்.

மார்ச் பதினாறு அன்று மூன்று பேரும் மண்டபத்துக்குப் போனோம். முதலில் அலுவலகத்தில் உன் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். உறவினர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போடவேண்டுமாம். என்ன உறவு என்று அதிகாரி கேட்டார். நான் இருமிக்கொண்டிருந்தேன். ரேபின் சொன்னான்: "அம்மா. பால் கொடுத்த அம்மா." அதிகாரி அப்படியே எழுதிக்கொண்டார். ரசீது இத்துடன் இருக்கிறது. புது வருஷம் கழிந்ததும் கல்தச்சர் வந்து பெயரை எடுப்பார்.

ஒரு உண்மை சொல்கிறேன். நான் ஜனவரியில் வாய் திறந்தது இறைவனுக்குப் பயந்து மட்டும் இல்லை. பயம் பாதிதான். நீ கொடுத்து நான் வாங்கவேண்டுமா என்றுதான் மோதிரம் என் கையைச் சுட்டது. நீ என்னை ஆங்காரி என்றது சரி. அவன் எனக்கும் பிள்ளை என்று உனக்கு உறைக்கவேண்டும், நீ அங்கே குளிரில் உட்கார்ந்து எரியவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அலுவலகத்தில் அவன் அந்த வார்த்தையைச் சொன்னவுடனே, இதை அக்காவுக்கு எழுதவேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது.

அதன்பிறகு சுவருக்குப் போனோம். கூட்டம் நெருக்கியது, எல்லோர் கையிலும் படங்கள். என் கையில் படம் இல்லை, ஹாவ்ரேயைப் படம் எடுக்கவே இல்லையே. ரேபின் எனக்கு இடம் பிடித்து, தன் கோட்டைத் தரையில் விரித்து, "இப்படி உக்காருங்க அம்மா" என்றான். ஊரே கேட்கும்படி, தெளிவாக, நம் பேச்சில் சொன்னான். எட்டு மாதமாக, இல்லை, இருபத்திரண்டு வருஷமாக நான் காத்திருந்த சொல் அது.

யார் கூப்பிடுகிறார்கள் என்று நான் அவன் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன், அக்கா.

அவன் நல்ல பிள்ளை. ஏப்ரலில் விசா வந்துவிடும் என்கிறார்கள், வந்து கூட்டிப்போ. நான் தடுக்கமாட்டேன். எனக்கு உன் பிள்ளை வேண்டியிருக்கவில்லை. எனக்கு என் பிள்ளைதான் வேண்டும்.

வரும்போது மருந்து இரண்டு புட்டி கொண்டுவா.

பீரோஸ்